சின்ன பட்ஜெட் காதல் காமெடி ஏன் இவ்வளவு பிடிக்கிறது? நடிகர்களா, எழுத்தா, எடுக்கிற விதமா?

பால்கனி டிக்கெட்

‘நல்லா நடிச்சிருக்காங்க, பார்க்கவே இதமா இருக்கு.’ சின்னப் படம் ஒன்று ஓடும்போதெல்லாம் விமர்சனங்கள் இந்த வரியோடு நின்றுவிடுகின்றன. ஏன் இதமாக இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தொழில் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் அதைப் பேசலாம் என்று இந்த இழை.

எடுத்துக்கொள்ளும் படம் ‘குட் நைட்’. 2023 மே மாதம் வந்தது. விநாயக் சந்திரசேகரனுக்கு முதல் படம். குறட்டை விடுகிற ஒருவன், அவனைக் கட்டிக்கொண்டு தூக்கத்தைத் தொலைக்கிற ஒருத்தி. கதை இவ்வளவுதான். மணிகண்டன், மீதா ரகுநாத், ரமேஷ் திலக், ரேச்சல் ரெபேக்கா, பாலாஜி சக்திவேல் என்று நாலைந்து முகங்களை வைத்துக்கொண்டே படம் நகர்கிறது. வெளிநாட்டுப் பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஆனாலும் டிவியில் எந்த இடத்தில் மாட்டினாலும் உட்கார்ந்து பார்க்கத் தோன்றுகிறது.

என் கட்சி இதுதான்: வசனம் பேசுகிறவரைவிட, அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவரின் முகம்தான் இந்த வகைப் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது. இதற்குத் தமிழில் ஆதி உதாரணம் 1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’. நாகேஷ் பேய்க்கதை சொல்கிறார். கதவு, காலடி என்று எல்லாச் சத்தத்தையும் வாயாலேயே போடுகிறார். அந்த இடத்தில் பாலையாவுக்குப் பேச அதிகம் இல்லை, கேட்பதுதான் வேலை. கண் மெல்ல விரிகிறது, உடம்பு ஒடுங்குகிறது, வாய் கோணுகிறது. அறுபது வருஷம் கழித்தும் சிரிப்பு வருவது அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

அது ஸ்ரீதர் படம், நேரம் எடுத்துப் படமாக்க வசதி இருந்தது. முப்பது நாற்பது நாளில் முடிக்க வேண்டிய படத்தில் இதை எப்படிக் கொண்டுவருவது? செய்முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எடிட் டேபிள்

உங்கள் கட்சிதான் நானும். அந்த முகம் எந்த இடத்தில் தொலைந்துபோகிறது என்று கணக்குப் போட்டே காட்டலாம்.

120 பக்க ஸ்கிரிப்ட், 35 நாள் ஷூட்டிங் என்றால் நாளுக்கு ஏறக்குறைய மூன்றரைப் பக்கம் முடிக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் இருவர் பேசும் மூன்று பக்கக் காட்சி என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் (இருவரும் தெரிகிற முழுக் காட்சி ஷாட்) ஒன்று, சஜஷன் (ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவர் முகம்) இரண்டு, க்ளோசப் இரண்டு. ஆக ஐந்து செட்டப், அதாவது கேமராவையும் லைட்டையும் ஐந்து முறை மாற்றி வைக்க வேண்டும். ஒவ்வொரு செட்டப்புக்கும் லைட் மாற்ற 30, 40 நிமிடம், அதற்குப் பிறகு டேக்குகள். காலை 9 மணி கால்ஷீட்டில் முதல் ஷாட் பத்தரைக்கு முன்னால் போவது அபூர்வம். 1 மணிக்கு சாப்பாட்டு பிரேக். 5 மணிக்கு ஜன்னல் வெளிச்சம் நிறம் மாறிவிடும். இதற்கு நடுவில் அன்றைக்கு முடிக்க வேண்டிய அந்த மீதி அரைப் பக்கமும் இருக்கிறது.

வரிசை எப்போதும் மாஸ்டர், அதிகம் பேசுகிறவரின் சஜஷன், அவர் க்ளோசப், அப்புறம் எதிராளி என்றுதான் போகும். நேரம் போதவில்லை என்றால் வெட்டுப்படுவது ஐந்தாவது செட்டப். அது கேட்கிறவரின் க்ளோசப். ‘சஜஷன்லயே ரியாக்‌ஷன் இருக்கு, பார்த்துக்கலாம்’ என்று சொல்லி யூனிட் கிளம்பிவிடும். எடிட்டில் உட்காரும்போது கையில் இருப்பது பேசுகிற வாய்கள் மட்டுமே. யார் பேசுகிறாரோ அவர் மேல் வெட்டு, அடுத்தவர் பேசினால் அவர் மேல் வெட்டு. வசனம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காட்சி டிவி சீரியல் மாதிரி ஆகிவிடும்.

இதற்குக் காசு செலவில்லாத மருந்து, வரிசையைத் திருப்பிப் போடுவது. மாஸ்டர் முடிந்ததும் கேட்கிறவரின் க்ளோசப்பை எடுத்துவிடுங்கள். நடிகருக்கு அப்போதுதான் வசனம் புதிதாக இருக்கும், சிரிப்பு உண்மையாக வரும். எட்டாவது முறை கேட்கிற ஜோக்குக்கு வருகிற சிரிப்பை க்ளோசப்பில் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று. வசனம் முடிந்ததும் ‘கட்’ சொல்லாதீர்கள். பத்து வினாடி ஓடட்டும். அந்தப் பத்து வினாடியில் நடிகர் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் எதிராளியைப் பார்ப்பார், தலைமுடியைச் சரிசெய்வார், டம்ளரைத் தள்ளி வைப்பார். எடிட்டில் தங்கம் அதுதான்.

ஒன்லைன்

எடிட் டேபிள் சார், க்ளோசப் எடுக்கும்போது எதிரில் யார் நின்று வசனம் கொடுப்பது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர் நடிகர் கேரவனுக்குப் போய்விடுவார், உதவி இயக்குநர் பேப்பரைப் பார்த்துத் தட்டையாகப் படிப்பார். அப்படிப் படிக்கிற வரிக்கு எந்த நடிகராலும் காதலோடு பார்க்க முடியாது. ஜோடியில் இருவரும் ஒருவர் க்ளோசப்புக்கு மற்றவர் லென்ஸுக்குப் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும் என்று ஒப்பந்தம் போடும்போதே பேசிவிட வேண்டும். புதுமுகங்களை வைத்து எடுப்பதில் இருக்கிற பெரிய லாபம் இதுதான், அவர்கள் நிற்பார்கள்.

ஃபோகஸ் புல்லர்

இரண்டு கேமரா வைத்தால் ஐந்து செட்டப் மூன்றாகிவிடுமே என்று கேட்பவர்களுக்கு: பாதி உண்மை. நேருக்கு நேர் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுத்தால் ஒரு பக்க லைட் இன்னொரு பக்க ஃபிரேமுக்குள் நிற்கும். அதை ஒளித்து வைக்க லைட்டை மேலே ஏற்றுவார்கள், கண்ணுக்குக் கீழே நிழல் விழும். காதல் படத்தில் கண் தெரியவில்லை என்றால் மீதி எது தெரிந்தும் பயனில்லை.

ஜன்னல் பக்கவாட்டில் வருகிற மாதிரி இருவரையும் உட்காரவைத்தால் கிராஸ் ஷூட்டிங், அதாவது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுப்பது, கைகொடுக்கும். ஒரே ஜன்னல் வெளிச்சம் இருவர் முகத்திலும் பாதி பாதி விழும், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் போதும். இல்லையென்றால் இரண்டு கேமராவையும் ஒரே பக்கம் வையுங்கள், ஒன்று மிட் ஷாட், இன்னொன்று க்ளோசப். செட்டப்பும் குறையும், டேக்கும் குறையும். ஸ்கூட்டரில் போகும் காட்சி, பேருந்துக் காட்சி, நாய், குழந்தை இருக்கும் காட்சி, இவற்றுக்கு மட்டும் இரண்டாவது கேமராவை வாடகைக்கு எடுத்தால் போதும். 35 நாளுக்கும் எடுப்பது வீண்.

பூம் மைக்

எல்லாரும் முகத்தையே பேசுகிறீர்கள். பாதி வசீகரம் குரலில் இருக்கிறது. ஒரு வரியை ஆரம்பித்து நிறுத்துவது, சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கால் விடுவது, எதிராளி பேசும்போது ‘ம்ம்’ போடுவது, இதையெல்லாம் இரண்டு மாதம் கழித்து டப்பிங் அறையில் கொண்டுவர முடியாது. ஹீரோயினுக்கு வேறொருவர் குரல் கொடுத்தால் கேட்கவே வேண்டாம். வரிகள் உதட்டோடு பொருந்தும், மூச்சு பொருந்தாது. அதனால் இந்த வகைப் படத்துக்கு லைவ் சவுண்ட், அதாவது படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்வது, ஆடம்பரமே இல்லை. வேறு எதிலாவது குறைத்து இதற்குக் கொடுங்கள்.

வாடகை வீட்டில் லைவ் சவுண்ட் எடுக்கும்போது சொதப்புவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்:

வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் போவார்கள். ஷூட்டிங் திங்கட்கிழமை காலை. எதிரே பள்ளிக்கூடம் இருப்பது அன்றுதான் தெரியும். எந்தக் கிழமை, எந்த நேரத்தில் எடுக்கப் போகிறோமோ அதே கிழமை, அதே நேரத்தில் போய் நடு ஹாலில் பத்து நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும். பறக்கும் ரயில் சத்தம், மோட்டார், மேல் வீட்டு மிக்ஸி, எல்லாம் அப்போது வரும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் தெருவில் வீடு எடுக்கவே கூடாது.

ஃபிரிட்ஜை அணைக்க வேண்டும். அணைத்துவிட்டு ராத்திரி மறந்து போய்விட்டால் வீட்டுக்காரர் பொருளெல்லாம் கெட்டுப்போகும், மறுநாள் லொகேஷனே போய்விடும். அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு: சவுண்ட் ஆள் தன் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது. சாவியை எடுக்கும்போது சுவிட்சைப் போட்டே ஆக வேண்டும்.

சட்டைக்குள் வைக்கும் மைக்குக்குப் பருத்தித் துணி நல்லது. பட்டு, பாலியஸ்டர், கஞ்சி போட்ட சட்டை எல்லாம் சரசரக்கும். உடை வடிவமைப்பாளரிடம் ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். கண்ணாடி வளையலை க்ளோசப்பில் கழற்றிவிடலாம், கை தெரியாது. ஒவ்வொரு அறையிலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் அறைச் சத்தம் பதிவு செய்ய வேண்டும். ‘நேரமில்லை’ என்று முதலில் விடுவது இதைத்தான். அது இல்லாவிட்டால் எடிட் டேபிள் சொல்கிற அந்தப் பத்து வினாடி மௌனத்தை ஒட்டவே முடியாது, வெட்டுக்கு வெட்டு அறைச் சத்தம் மாறும்.

சீன் பேப்பர்

எனக்கு இதில் பெரிய மறுப்பு இருக்கிறது. கேட்கிற முகம் அழகாக இருக்க வேண்டுமானால் கேட்பதற்கு விஷயம் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாததைச் செட்டப் வரிசை கொண்டுவராது.

‘குட் நைட்’ எழுத்தில் செய்திருக்கும் வேலையைப் பாருங்கள். பிரச்சினை குறட்டை. முதலாவது, அதற்கு வில்லன் தேவையில்லை. இரண்டாவது, அதைக் காட்டச் செலவில்லை, ஒரு கட்டிலும் ஒரு சத்தமும் போதும். மூன்றாவதுதான் முக்கியம்: அது இருவரையும் ஒரே அறைக்குள் அடைக்கிறது. பெரும்பாலான காதல் கதைகளில் தடை வந்ததும் ஜோடி பிரிந்துவிடும், ஆளுக்கொரு இடத்தில் சோகப் பாட்டு. ஜோடிக்காகப் படம் பார்க்க வந்தவனிடமிருந்து ஜோடியையே பிடுங்கிக்கொள்வது அது. இங்கே தடை இருக்கிற வரைக்கும் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்தாக வேண்டும். அவளால் தூங்க முடியவில்லை, அவனிடம் சொல்லவும் மனசில்லை. மீதா ரகுநாத்தின் முகத்துக்கு வேலை கொடுத்தது அந்த எழுத்து.

‘லவ் டுடே’ (2022) படத்திலும் அதே கணக்கு வேறு மாதிரி. காதலியின் அப்பா, காதலர்கள் இருவரின் செல்போனையும் ஒரு நாளைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். ஆளுக்கொரு வீட்டில் இருந்தாலும் ஒருவர் கையில் மற்றவர் இருக்கிறார்.

எழுதுகிறவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உங்கள் கதையின் பிரச்சினையை ஒரே ஒரு போன் கால் தீர்த்துவிடுமா? தீர்க்கும் என்றால் இரண்டாம் பாதி நிற்காது. பார்வையாளர் நாற்பது நிமிடம் ‘போனை எடுத்துப் பேசுடா’ என்று உட்கார்ந்திருப்பார். இன்னொரு சோதனை: ஹீரோயின் ஒரு சாதாரண புதன்கிழமை காலை 11 மணிக்கு என்ன செய்துகொண்டிருக்கிறாள்? பதில் இல்லையென்றால் அவளுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை எழுதப்படவில்லை என்று அர்த்தம். எவ்வளவு நல்ல நடிகை வந்தாலும் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

பால்கனி டிக்கெட்

ஒரே போன் கால் சோதனை பிரமாதம். ‘லவ் டுடே’ பற்றி ஒன்று கேட்க வேண்டும். அது பிரதீப் ரங்கநாதன் ஏற்கெனவே எடுத்த ‘அப்பா லாக்’ குறும்படத்திலிருந்து வளர்ந்தது. 2012-இல் பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’யும் குறும்படத்திலிருந்து வந்ததுதான். ஆனால் இந்த வழியில் வந்த நிறையப் படங்கள் இழுவையாகிவிட்டன. பத்து நிமிடத்தை இரண்டரை மணி நேரமாக்குவதில் எங்கே சறுக்குகிறது?

சீன் பேப்பர்

ஜோடியின் சண்டையை மட்டும் பெருக்கினால் சறுக்கும். ஒரே சண்டை நாலு முறை வரும். ‘லவ் டுடே’ செய்தது, அதே கேள்வியை இன்னொரு ஜோடியிடமும் கொண்டுபோனது. ஹீரோவின் அக்காவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை யோகி பாபு தன் போனைக் கையிலிருந்து இறக்கவே மாட்டார். முதலில் சிரிப்புக்காக வருகிறது, கடைசியில் அதன் காரணம் தெரியும்போது படத்தின் கனமே அங்கேதான் இருக்கிறது.

‘குட் நைட்’டில் இது இன்னும் விரிவு. குழந்தைக்காகக் காத்திருக்கிற அக்கா, மாமா. வயதான ஹவுஸ் ஓனர் தம்பதி. மூன்று வயதில் மூன்று ஜோடி. யாரும் உபதேசம் பண்ண வேண்டியதில்லை, இளசுகள் மற்ற இரண்டு ஜோடிகளையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். துணை நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ‘ஹீரோவின் நண்பன், காமெடி’ என்று எழுதாமல், இவர் எந்த ஜோடியில் பாதி என்று எழுதிப் பாருங்கள்.

ஒன்லைன்

நடிகர் தேர்வுக்கு வருகிறேன். ஜோடிப் பொருத்தம் பார்க்கிறோம் என்று காதல் சொல்லும் காட்சியைக் கொடுத்து ஆடிஷன் எடுப்பது தப்பு. அந்தக் காட்சியை எல்லாரும் ஏற்கெனவே நூறு படத்தில் பார்த்து வைத்திருப்பார்கள், மனப்பாடமாக நடித்துவிடுவார்கள். கைக்கு வேலை இருக்கிற காட்சியைக் கொடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து கொசுவலை கட்ட வேண்டும், பேச்சு வாடகை பாக்கியைப் பற்றி. அப்போது யார் யாருக்காக நிறுத்துகிறார்கள், யார் எதிராளியைப் பார்க்காமல் தன் வரிக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பளிச்சென்று தெரியும்.

மூன்று ஆண், மூன்று பெண் என்று கடைசிச் சுற்றுக்கு வந்தால் ஒன்பது ஜோடியையும் ஒரே காட்சியில் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு நாளில் முடிந்துவிடும். தனித்தனியாகச் சிறந்த இருவர் சேர்ந்தால் சிறந்த ஜோடி என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பதிவு செய்ததை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். சத்தமில்லாமலும் இவர்களுக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்தால் அந்த ஜோடியை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம் கவனித்தீர்களா? இந்தப் படங்களில் மனசில் நிற்கிறவர்களில் பலர் கேமராவுக்குப் பின்னாலும் வேலை பார்த்தவர்கள். மணிகண்டன் ‘விக்ரம் வேதா’வுக்கு வசனம் எழுதியவர். பாலாஜி சக்திவேல் ‘காதல்’ எடுத்த இயக்குநர். ரமேஷ் திலக் பண்பலை வானொலியில் பேசியவர். மலையாளத்தில் 2024-இல் வந்த ‘பிரேமலு’வில் அமல் டேவிஸாக வருகிற சங்கீத் பிரதாப் படத்தொகுப்பாளர். வெட்டு எங்கே விழும், எதிராளியின் வரி எங்கே முடியும் என்ற உணர்வு இவர்களுக்கு உடம்பிலேயே இருக்கிறது. எதிராளியின் சிரிப்பைத் தட்டிப் பறிக்க மாட்டார்கள். பெரிய சம்பளம் கொடுக்க முடியாத படத்துக்கு நடிகர் தேட இது நல்ல இடம்.

புரொடக்‌ஷன் வண்டி

காசுப் பக்கமும் பேசுவோம். ஒரு யூனிட் ஒரு லொகேஷனிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் நடைமுறையில் அரை நாள் போச்சு. இறக்கி ஏற்ற, டிராஃபிக், திரும்ப லைட் கட்ட. 35 நாளில் பத்து முறை மாறினால் ஐந்து நாள் காணாமல் போகிறது. எடிட் டேபிள் கேட்கிற ஐந்தாவது செட்டப்பைத் தின்பது இதுதான். அதனால் ஹீரோ வீடும் ஹீரோயின் வீடும் ஒரே தெருவில், முடிந்தால் ஒரே கட்டடத்தில் கீழும் மேலுமாகப் பிடியுங்கள். படத்தில் அம்பத்தூரும் மயிலாப்பூருமாக இருக்கட்டும், சுவரில் பெயின்டும் வாசல் கதவும் மாறினால் போதும். அடுத்த தெரு டீக்கடை, மொட்டை மாடி, சந்து எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். பாட்டுகளை மாண்டேஜாக (நடனமில்லாமல், பாட்டின் மேல் ஓடும் துண்டுக் காட்சிகளாக) வைத்துக்கொண்டால் சீன் எடுக்கிற இடத்திலேயே சின்னச் சின்னத் துண்டுகளாகச் சேர்த்துவிடலாம், தனியாக நாள் வேண்டாம்.

மூத்த நடிகர்களுக்கு நாள் கணக்கில் சம்பளம் என்றால் அவர்கள் காட்சிகளை 4, 5 நாளில் அடுத்தடுத்து முடிக்கிற மாதிரி ஷெட்யூல் போடுங்கள். ஆனால் அதற்காக ஒரே நாளில் ஆறு காட்சி எடுக்காதீர்கள். ஹவுஸ் ஓனர் பாத்திரத்தின் அழகு அவர் மெதுவாகப் பேசுவதில் இருக்கும்போது, அவசரம் அவர் முகத்திலேயே தெரியும்.

கடைசி நேரத்தில் கழுத்தைப் பிடிக்கிறவை: டீக்கடை ரேடியோவில் பழைய பாட்டு போட்டால் பத்து வினாடிக்கும் ஆடியோ நிறுவனத்திடம் உரிமம் வாங்க வேண்டும். ஹீரோ முணுமுணுத்தாலும் பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உரிமைக்காரர் உண்டு. எழுதும்போதே முடிவு பண்ணுங்கள். கதையில் நாய், பூனை இருந்தால் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி படப்பிடிப்புக்கு முன்பே வேண்டும், எடுத்து முடித்துவிட்டுக் கேட்டால் சென்சாரில் நிற்கும். நண்பன் கையில் சிகரெட் கொடுத்தால் அந்த ஷாட்டுக்குக் கீழே எச்சரிக்கை வாசகம் ஓடும், கண் முகத்தை விட்டுக் கீழே போய்விடும். காமெடிக் காட்சியில் அது பெரிய நஷ்டம், டீ டம்ளர் கொடுங்கள்.

எடிட் டேபிள்

வண்டிக்காரர் சொன்ன கடைசி வரி நூற்றுக்கு நூறு.

சிரிப்பு இடைவெளி பற்றியும் சொல்லிவிடுகிறேன். தியேட்டரில் பஞ்ச் விழுந்ததும் அடுத்த வரி உடனே வந்தால் சிரிப்பில் மூழ்கிவிடும். ஒன்றரை, இரண்டு வினாடி, அதாவது 36 முதல் 48 ஃபிரேம் விட வேண்டும். ஆனால் அதே இடைவெளியை வீட்டில் தனியாகப் போனில் பார்க்கிறவருக்கு ‘லேக்’ ஆகத் தெரியும். சிலர் ஓடிடிக்காக இடைவெளியையே எடுத்துவிடுகிறார்கள், தியேட்டரில் மூன்றில் ஒரு வசனம் கேட்பதில்லை.

பால்கனி டிக்கெட்

அந்த இரண்டு வினாடியில் கேட்கிறவர் முகத்தை வைத்தால் தியேட்டரில் சிரிப்புக்கு இடம், வீட்டில் பார்ப்பதற்கு விஷயம். இரண்டுக்கும் ஒரே தீர்வாகிவிடாதா?

எடிட் டேபிள்

ஆகும். முகம் இருந்தால்.

கிளாப் போர்டு

நான் எடுக்கப்போகிற படம் 28 நாள், ஒரு கேமரா, ஜோடி இருவரும் புதுமுகம். முதல் சந்திப்புக் காட்சியை ஷெட்யூலில் எங்கே போடுவது? முதல் நாளே போட்டால் நிஜமான தயக்கம் கிடைக்கும் என்கிறார்கள்.

ஒன்லைன்

முதல் நாள் வேண்டாம் தம்பி. முதல் நாள் தயக்கம் கேமராவைப் பார்த்து வருவது, ஒருவரை ஒருவர் பார்த்து வருவதில்லை. திரையில் வித்தியாசம் தெரியும். யூனிட்டும் இன்னும் செட் ஆகியிருக்காது.

முதல் இரண்டு நாள் ஹீரோ ஆபீஸ், ஹீரோயின் வீடு என்று தனித்தனிக் காட்சிகளை முடி. இருவருக்கும் கேமரா பழகிவிடும். மூன்றாம் நாள் முதல் சந்திப்பு, அன்றைக்கு வேறு காட்சி வைக்காதே, வசனமும் கையும் கூடி வர நேரம் வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு வரும் சண்டை, சமாதானம் எல்லாம் 20-ஆம் நாளுக்கு மேல். அதற்குள் அவர்களுக்குள் ஒரு பழக்கம் வந்திருக்கும், ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் அப்பளம் எடுக்கிற மாதிரி. அது நடந்தால் சொல்லிக்கொடுத்து எடுக்காமல், அப்படியே எடுத்துக்கொள்.

ஒத்திகையில் ஒரு எச்சரிக்கை. பத்து நாள் ஒர்க்‌ஷாப் வை, ஆனால் முதல் சந்திப்பையும் கிளைமாக்ஸையும் முழு உணர்ச்சியோடு ஒத்திகை பார்க்காதே. வரி மட்டும் படிக்கட்டும். மற்ற காட்சிகளை எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள்.

பூம் மைக்

மூன்றாம் நாள் எந்த வீடு, எந்தத் தெரு என்று முடிவானதும், அதே கிழமை, அதே நேரம் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.